பம்மலுக்கு அடுத்த ஊர்க்காரருக்கு

அன்புள்ள திருமுடிவாக்கம் வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்து இரவில் எழுதியதாகச் சொல்லியிருந்தீர்கள். எழுத்தில் களைப்பு தெரியவில்லை, கோபம்தான் தெரிந்தது. மகன் ஆங்கில இலக்கியம் படிக்கிறான். ‘ஹாம்லெட்’ பாடம். மேடையில் பார்த்தால்தான் பிடிபடும் என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஃபோனைத் தட்டினால் லண்டன் நாடகமே வீட்டுக் கூடத்துக்கு வரும்போது, எழும்பூருக்கும் மயிலாப்பூருக்கும் அலைந்து, ராத்திரி பல்லவரத்தில் ரயிலை விட்டிறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். நாடகத்தை நேரில் பார்ப்பதெல்லாம் நகரத்து நடுவில் வீடு உள்ளவர்களின் வீம்பு என்றும் எழுதியிருந்தீர்கள். அதில் பாதி உண்மை. மற்ற பாதிக்குத்தான் இந்தப் பதில்.

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. உங்கள் பக்கத்திலிருந்து அனகாபுத்தூர் வழியாகப் பல்லவரம் வரும்போது தினமும் ஒரு ஊரைத் தாண்டுகிறீர்களே, பம்மல், அந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதர் தமிழ் மேடையையே புரட்டிப் போட்டார். இன்றைய பிள்ளைகளிடம் பம்மல் சம்பந்தம் என்றால் 2002இல் வந்த கமல்ஹாசன் படத்தைத்தான் சொல்வார்கள். அந்தப் படத்தை இயக்கிய மௌலியும் வசனம் எழுதிய கிரேசி மோகனும் மேடையிலிருந்து வந்தவர்கள். தலைப்பு யாருக்கு வைத்த சலாம் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்!

பம்மல் சம்பந்த முதலியார் 1873இல் பிறந்தவர். வக்கீல், பிற்பாடு நீதிபதி. நான் சொல்ல வந்தது அவர் எழுதிய நாடகங்களைப் பற்றி அல்ல, அவர் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றி. பதினெட்டு வயது வரை அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளப்பம். 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேஷம் கட்டி ஆடினார்கள். கூத்தாடி என்பது வசவாக இருந்த காலம் அது. பார்த்துவிட்டு வந்த பையன் அதே ஆண்டு ஜூலையில் நண்பர்களைக் கூட்டிச் சுகுண விலாச சபாவைத் தொடங்கிவிட்டார். விடிய விடிய ஓடிய நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார். பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தைக் கூட்டினார். வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அரிதாரம் பூசினார்கள். அவர் கூட ஸ்திரீபார்ட் ஆடிய ரங்கவடிவேலுவும் வக்கீல்தான். தொண்ணூறுக்கும் மேல் நாடகம் எழுதினார். அத்தனைக்கும் தொடக்கம், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம். அந்தத் தெலுங்கு நாடகம் எப்படி இருந்தது என்று இன்று யாரும் பார்க்க முடியாது. பதிவு இல்லை, இருக்கவும் வழியில்லை. அது செய்த வேலை மட்டும் கண்முன்னால் இருக்கிறது.

பதிவு என்ற பேச்சு வந்ததால் ‘மனோகரா’வை எடுத்துக்கொள்வோம். முதலியார் அதை 1895இல் மேடையேற்றினார். 1936இல் படமானது, அதில் அவரே அரசன் புருஷோத்தமனாக நடித்தார். 1954இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதி வசனத்தில், சிவாஜி கணேசனும் கண்ணாம்பாவும் நடித்து மறுபடி வந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ‘மனோகரா’ என்றால் இந்தக் கடைசிப் படம்தான். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அதன் வசனம் ஓடாத வருஷம் கிடையாது. சங்கிலியால் பிணைத்த மகனைத் தாயின் குரல் எழுப்பிவிடும் அந்தக் கட்டத்தை இப்போதே கண்ணை மூடிக்கொண்டு உங்களால் பார்க்க முடியும்.

என்ன பார்க்கிறீர்கள்? கண்ணாம்பா முகம். சிவாஜி முகம். இரண்டுக்கும் நடுவில் சங்கிலி. சுற்றி நிற்கும் காவலர்களும் சபையோரும் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் பிரசாத் நமக்காக முடிவு செய்துவிட்டார். நன்றாகவே செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது சினிமாவின் தொழில். ஆனால் அதைப் பார்த்துவிட்டு சம்பந்த முதலியாரின் நாடகத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கதை அவருடையது, வசனம் வேறொருவருடையது, கண் மூன்றாமவருடையது.

உங்கள் மகனின் பாடத்துக்கே வருவோம். ‘ஹாம்லெட்’டின் நடுவில் ஒரு நாடகம் வருகிறதல்லவா? அப்பாவைக் கொன்றவன் சித்தப்பன்தானா என்று உறுதி செய்துகொள்ள, அதே கொலையை நடிகர்களை விட்டு அரண்மனையில் நடிக்க வைக்கிறான் இளவரசன். அரசன் முகத்தைக் கவனி என்று நண்பன் ஹொரேஷியோவிடம் சொல்லியும் வைக்கிறான். இப்போது மேடையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். அரசன் நாடகத்தைப் பார்க்கிறான். ஹொரேஷியோ அரசனைப் பார்க்கிறான். ஹாம்லெட் இருவரையும் பார்க்கிறான், ஒஃபீலியாவைச் சீண்டிக்கொண்டும் இருக்கிறான். ராணி மகனையும் கணவனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். இத்தனை பேரையும் அரங்கத்தில் உட்கார்ந்து நாம் பார்க்கிறோம். குற்றவாளியின் முகம் எந்த நொடியில் மாறியது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது. ராணியையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அரசன் எழுந்தது திடுக்கென்று இருக்கும். அரசனையே பார்த்தவருக்கு அவன் கை நடுங்கியது முன்பே தெரிந்திருக்கும். ஒரே வரிசையில் உட்கார்ந்த இரண்டு பேர் வெவ்வேறு நாடகம் பார்த்துவிட்டு வெளியே வருவார்கள், வரும் வழியில் சண்டையும் போடுவார்கள்.

லாரன்ஸ் ஒலிவியர் 1948இல் இதைப் படமாக்கியபோது அவருக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்க வேண்டும். அந்தக் காட்சியில் அவர் கேமரா அரசவையைச் சுற்றி அரைவட்டம் போட்டு, ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் மெதுவாக நகர்ந்துபோகும். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனாலும் கேமரா ராணியைத் தாண்டிவிட்டால் நாமும் தாண்டித்தான் ஆக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கழுத்து கிடையாது.

அதனால் உங்கள் மகன் ஃபோனில் தேடும்போது இரண்டைப் பிரித்துப் பார்க்கட்டும். ஒலிவியர் படம், கென்னத் பிரானா 1996இல் வெட்டாமல் நாலு மணி நேரத்துக்கு எடுத்த படம், கோசின்ட்சேவ் 1964இல் எடுத்த ரஷ்யப் படம் எல்லாம் சினிமா. நம் விஷால் பரத்வாஜின் ‘ஹைதர்’ காஷ்மீருக்குப் போன சினிமா. சிவாஜி ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் ஹாம்லெட்டாக வந்து நிற்பதும் சினிமாதான், அதைத் தனியாக வெட்டி எத்தனை பேர் பார்த்தாலும், அது ஒரு நாடக நடிகனின் கதைக்குள் வரும் சில நிமிஷம். மேடையில் நடந்ததை அப்படியே பிடித்தது என்பது வேறு சாதி. 2009 ஜூனில் லண்டனின் நேஷனல் தியேட்டர் ரசீனின் ‘ஃபேத்ரா’வை, ஹெலன் மிர்ரன் நடித்ததை, நடக்கும்போதே தியேட்டர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பெனடிக்ட் கம்பர்பேட்ச்சின் ‘ஹாம்லெட்’ 2015இல் அந்த வழியில்தான் உலகம் சுற்றியது. மும்பை என்.சி.பி.ஏ. அரங்கிலும் இவற்றைத் திரையிடுகிறார்கள். பல கேமராக்களை வைத்து, கேமராவுக்கென்றே தனியாக ஒத்திகை பார்த்து எடுக்கிறார்கள். தூரத்து மனிதர்களுக்கு இது பெரிய கொடை, ஒத்துக்கொள்கிறேன். திருமுடிவாக்கத்துப் பையன் லண்டன் மேடையைப் பார்க்க இதைவிட்டால் வேறு வழி இல்லை. வீம்பு என்று நீங்கள் எழுதிய பாதி உண்மை இதுதான்.

மேடையைப் படம்பிடிக்கும் இந்த யோசனை புதிதும் இல்லை. இந்தியாவின் முதல் பேசும் ஹாம்லெட், சோரப் மோடி 1935இல் எடுத்த ‘கூன் கா கூன்’, ஏறக்குறைய மேடை நாடகத்துக்கு முன்னால் கேமராவை நிறுத்தியதுதான். அந்தப் படமே இன்று கிடைப்பதில்லை. 1964இல் ரிச்சர்ட் பர்ட்டன் நியூயார்க்கில் ஆடிய ஹாம்லெட், ஜான் கில்குட் இயக்கியது, ஒத்திகை உடையிலேயே ஆடியது, மின்னணுக் கேமராக்களால் பதிவாகி அமெரிக்கா முழுக்கத் தியேட்டர்களில் இரண்டே நாள் ஓடியது. ஓடி முடிந்ததும் பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மேடையில் பார்த்தவனுக்கு உள்ள அருமை திரையில் பார்த்தவனுக்கும் இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. பர்ட்டனிடம் தங்கிப்போன ஒரு பிரதி அவர் இறந்த பிறகு வீட்டில் அகப்பட்டது. அதனால்தான் இன்று நாம் பார்க்கிறோம். அது திரையிடப்பட்டது 1964 செப்டம்பரில். அதே செப்டம்பரில் இங்கே சென்னையில் சம்பந்த முதலியார் காலமானார். அவரும் ஹாம்லெட்டாக நின்றவர்தான். ‘அமலாதித்யன்’ என்று பெயர் வைத்து, ஆட்களுக்கும் ஊர்களுக்கும் நம் பெயர் சூட்டி, தமிழில் ஆடினார். ‘மகபதி’ என்று மாக்பெத், ‘வாணீபுர வணிகன்’ என்று வெனிஸ் வணிகன், இப்படி ஒரு வரிசையே உண்டு. பர்ட்டனுக்குத் தங்கிய ஒரு பிரதி மாதிரி நம் அமலாதித்யனுக்கு ஒன்றும் தங்கவில்லை. அவர் எழுதி வைத்த ‘நாடக மேடை நினைவுகள்’தான் மிச்சம். எந்தக் காட்சியில் என்ன தவறு நடந்தது, யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று மனிதர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கதை படிப்பதுபோல ஓடும், கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.

நம் சபா நாடகங்கள் கதை வேறு. சென்னைத் தொலைக்காட்சி செவ்வாய்க்கிழமை இரவில் நாடகம் போட்டபோது தெருவே அடங்கிவிடும். எஸ்.வி. சேகர் நாடகங்களைக் கேசட்டில் போட்டுக் கேட்டுக் கேட்டே வசனம் மனப்பாடமானவர்கள் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். முகமே தெரியாமல் சிரித்தோம். இந்த இடத்தில் பதிவு நேரடி நாடகத்தைவிட ஒரு படி மேலே என்றுகூடச் சொல்வேன். கிரேசி மோகன் நாடகத்தில் ஒரு ஜோக்குக்கான சிரிப்பு அடங்குமுன் அடுத்தது வந்து விழும். அரங்கத்தில் நாலில் ஒன்றைச் சிரிப்புச் சத்தத்தில் தவறவிடுவோம். பதிவில் ஓட்டிப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதே பதிவைத் தனியாக ராத்திரி காதில் மாட்டிக்கொண்டு பாருங்கள். நடிகர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார். எதற்கு நிற்கிறார் என்று தோன்றும். அரங்கம் சிரித்து முடிக்கக் காத்திருக்கிறார்! எத்தனை விநாடி நிற்பது என்பதை அன்றைய கூட்டம்தான் அவருக்குச் சொல்கிறது. நேற்று நின்ற நேரம் இன்று செல்லாது. ‘சாக்லேட் கிருஷ்ணா’வில் கிருஷ்ணனாக வந்து மோகன் அப்படி நிற்பதை இனிப் பதிவில் மட்டும்தான் பார்க்க முடியும், 2019இல் போய்விட்டார். அவர் தம்பி மாது பாலாஜி குழுவை நடத்துகிறார், போய்ப் பாருங்கள்.

சரி, இத்தனை தூரம் எழும்பூர், மயிலாப்பூர் என்றே பேசினோம். இரவுப் பயணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் அரங்கம் என்றால் கல்யாண மண்டபம்தான். ஆறரை மணி நாடகத்துக்கு ஷிப்ட் ஆள் எப்படிப் போவது? அதற்கு எனக்கும் விடை தெரியாது. ஆனால் உங்கள் ஊர் காஞ்சிபுரம் மாவட்டம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்னும் உயிரோடு இருக்கும் வட்டாரம் அது. பங்குனியிலிருந்து ஆடி வரை விசாரித்தால் பஸ் போகும் தூரத்தில் எங்காவது நடக்கும். டிக்கெட் கிடையாது, நுழைவு வாசல் கிடையாது, ஷிப்ட் முடிந்து நேரே போகலாம். இரவு பத்து மணிக்குமேல்தான் சூடு பிடிக்கும். கிளாசிக் நாடகம் என்றால் மகன் ஷேக்ஸ்பியர் என்றுதான் நினைப்பான். துகிலுரிதலும் கர்ண மோட்சமும் அதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

கூத்தைப் படம் பிடித்து வைத்தவை ஏராளம். புரிசைக் கூத்து இருக்கிறது, காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கம் செய்தவை இருக்கின்றன. அடவுகளையும் பாட்டையும் கற்க நினைப்பவனுக்கு அவை பொக்கிஷம். ஆனால் அர்ச்சுனன் தபசை எப்படிப் படம் பிடிப்பது? உயரமான தபசு மரத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்கிறார்கள். மேலேயிருந்து அவர் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுகிறார். கேமரா மேலே பார்த்தால் அந்தப் பெண்களின் முகம் போய்விடும், கீழே பார்த்தால் அர்ச்சுனன் போய்விடுவான். நீங்களோ அந்தக் கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டு இரண்டையும் பார்க்கலாம். ஒரு எலுமிச்சம்பழம் உங்கள் மேலேயே விழலாம். படுகளம் இன்னும் மோசம், அதாவது கேமராவுக்கு. வெட்ட வெளியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீடு அளவுக்கு. பீமன் அவன்மேலேயே ஏறி ஓடிச் சண்டை போடுவான். சுற்றி நிற்கும் ஜனம் அவர்களோடு ஓடும். தொடை உடைந்து செந்நீர் வந்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். ஓடாமல் ஒரே இடத்தில் நின்றவனுக்கு ஒன்றும் தெரியாது. முக்காலியில் நின்ற கேமராவுக்கும் அதே கதிதான்.

இதைப் பார்த்துத்தான் ந. முத்துசாமி மாறினார். நவீன நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர் புரிசைக்காரர்களின் கூத்தைப் பார்த்த பிறகு அதன் பக்கம் திரும்பினார். 1977இல் கூத்துப்பட்டறை வந்தது. பசுபதியிலிருந்து விஜய் சேதுபதி வரை அந்தப் பட்டறை வாசலை மிதித்தவர்கள். அங்கேயும் தொடக்கம் ஒருவர் கூட்டத்தில் நின்று பார்த்ததுதான்.

ஆகவே உங்கள் மகனுக்கு என் யோசனை இது. லண்டன் பதிவைப் பார்க்கட்டும், தயங்க வேண்டாம். ஆனால் ஃபோனில் வேண்டாம். டிவியில் மாட்டி, வெளிச்சத்தை அணைத்து, இடைவேளை எங்கே வருகிறதோ அங்கே மட்டும் நிறுத்திப் பார்க்கட்டும். வசனம் புரியாத இடத்தில் பின்னால் ஓட்டும் வேலையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். முழுசாக ஒருமுறை ஓடாத நாடகம் மனதில் நிற்காது. பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது எழும்பூர் மியூசியம் தியேட்டருக்குக் கூட்டிப் போங்கள். 1896இல் கட்டியது. அரைவட்டமாக அடுக்கிய இருக்கைகள். எங்கே உட்கார்ந்தாலும் நடிகர் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் காட்சி இருந்தால் அதற்கே போங்கள், இருட்டுவதற்குள் பல்லவரம் வந்துவிடலாம். பங்குனி பிறந்ததும் கூத்து. பதிவைப் பார்த்துவிட்டு நேரில் பார்க்கலாமா, நேரில் பார்த்துவிட்டுப் பதிவா என்று கேட்டிருந்தீர்கள். கிடைப்பதை முதலில் பாருங்கள். இரண்டும் கிடைத்தால் நேரில் முதலில். யாரைப் பார்ப்பது என்பதைக் கேமரா சொல்லிக் கொடுப்பதற்குமுன் கண் தானே ஒருமுறை பழகட்டும்.

ஒரு கோரிக்கையும் உண்டு. சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபா அண்ணா சாலையில் இன்று உறுப்பினர்களுக்கான மன்றமாக இருக்கிறது. அவர் நாடகங்கள் மேடையில் அபூர்வமாகத்தான் தலைகாட்டுகின்றன. நீங்கள் சிட்கோவில் வேலை பார்ப்பவர். ஆயுத பூஜைக்குப் பட்டறைகளில் லைட் மியூசிக் வைப்பது வழக்கம்தானே? ஒரு வருஷம் அதற்குப் பதிலாக ‘சபாபதி’ போடுங்கள். முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. அசட்டு வேலைக்காரன் முதலாளியைப் படுத்தும் பாடு முழுக்கத் தொழிலாளிகள் சிரிக்கிற சரக்கு. 1941இல் ஏ.வி. மெய்யப்பன் படமாக எடுத்தபோது டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அதில் வெளுத்து வாங்கினார்கள். நாடகம் துண்டு துண்டான காட்சிகளாக இருப்பதால் இரண்டு காட்சி போட்டாலும் போதும். பெரிய மேடையோ படுதாவோ தேவையில்லை, ஒரு மேஜை, நாற்காலி, நாலு ஆள் இருந்தால் சரி. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்துவிட்டது. இப்போது அவர் நாடகத்தைப் போட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, பணமும் கட்ட வேண்டியதில்லை. ஆள் சேர்ந்துவிட்டால் எழுதுங்கள், ஒத்திகைக்கே வந்துவிடுகிறேன்.

அன்புடன்.